காத்தாடிக்கு ஆயுசு எத்தனை? தெரியுமா?

கோம்பைக்கு ஆடி மாதத்தில் போயிருக்கிறீர்களா? உத்தமபாளையத்தைத் தாண்டி மலையைப் பார்க்கத் திரும்பியதும் தோளில் துண்டு நிற்காது. மேற்குத் தொடர்ச்சி மலையின் இடுக்குகளில் புகுந்து வரும் தென்மேற்குக் காற்று கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி ஓடுகிற வேகத்தில் திராட்சைப் பந்தல் கிடுகிடுக்கும். தென்னை ஒரே பக்கமாகத் தலைசாய்த்து நிற்கும். அந்தக் காற்றைக் காசாக்கத்தான் காற்றாலைகள் நிற்கின்றன. அரசாங்கக் காகிதத்தில்தான் அது காற்றாலை. வரப்பில் நின்று பேசினால் காத்தாடி.

அந்தக் காத்தாடிக்கு ஆயுசு எத்தனை என்று கேட்டால் சிரிக்காதீர்கள். தமிழ்நாட்டில் அது கோர்ட்டு வரை போன கேள்வி! 20 வயது தாண்டிய காற்றாலைகளுக்காக 2024இல் மாநில அரசு ஒரு கொள்கையே வெளியிட்டது. பழசைக் கழற்றிவிட்டுப் புதுசு நிறுத்து, இல்லையென்றால் உறுப்புகளை மாற்றிப் புதுப்பி, அதுவும் இல்லையென்றால் ஆயுளை நீட்டிக்க அனுமதி வாங்கு என்றது. உரிமையாளர்கள் கொதித்தெழுந்தார்கள். 1986இல் தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில் முதல் காற்றாலைப் பண்ணை எழுந்த மாநிலம் இது. தாத்தா காத்தாடிகளுக்குப் பஞ்சமே இல்லை.

அதென்ன 20? காற்றாலைகளுக்கான சர்வதேசத் தரக்கட்டளை ஐ.இ.சி. 61400-1 என்பது. ‘குறைந்தது 20 ஆண்டு தாங்கும்படி வடிவமை’ என்கிறது அது. குறைந்தது! இருபதாவது பிறந்தநாளில் செத்துப்போகும் என்று அதில் எங்கேயும் இல்லை. மலையடிவாரத்தில் முட்டி மோதித் திரும்பும் சுழல்காற்றில் நின்ற காத்தாடியும், சமவெளியில் சீரான காற்றில் நின்ற காத்தாடியும் காலண்டர்படி ஒரே வயசுதான். பட்ட பாட்டின்படி பார்த்தால் ஒன்று அப்பன், ஒன்று மகன்.

எவ்வளவு பாடு என்று ஒரு கணக்குப் போடுவோமா? இறக்கை நிமிடத்துக்கு 15 சுற்று சுற்றுகிறது, வருடத்தில் 6,000 மணி நேரம் ஓடுகிறது என்று வையுங்கள். 20 வருடத்தில் 10 கோடியே 80 லட்சம் சுற்று. கியர்பாக்ஸுக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டர் தண்டு நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடினால் 1,080 கோடி! 60 கிலோமீட்டர் வேகத்தில், 2,000 சுற்றில் ஓடும் கார் என்ஜின் 3 லட்சம் கிலோமீட்டர் போனாலும் 60 கோடி சுற்றுதான் சுற்றியிருக்கும். ஒரு காத்தாடி தன் வாழ்நாளில் 18 கார்களின் வாழ்நாளை ஓடித் தீர்க்கிறது, அதுவும் ஆகாயத்தில் தொங்கிக்கொண்டு.

இறக்கை படும் அவஸ்தை தனிக்கதை. ஒரு பக்கம் கிடைமட்டமாக வரும்போது தன் எடையாலேயே கீழே வளையும். அரைச்சுற்று போய் மறுபக்கம் வந்ததும் நேர் எதிராக வளையும். பந்தல் கம்பியை ஒடிக்கக் கத்தரி இல்லாதபோது என்ன செய்வோம்? இப்படியும் அப்படியும் மடக்குவோம், பட்டென்று போகும். அந்த மடக்கலைத்தான் ஒவ்வொரு சுற்றிலும் இறக்கை, கொஞ்சமே கொஞ்சமாக, கோடிக்கணக்கான தடவை வாங்கிக்கொள்கிறது. இன்னொன்று கேட்டால் வாயைப் பிளப்பீர்கள். கண்ணாடி இழையால் செய்த இறக்கைக்கு, அழுத்தத்தின் பத்தாம் அடுக்கில் தேய்மானம் ஏறும். அதாவது அழுத்தம் இரட்டிப்பானால் சேதம் இரட்டிப்பு இல்லை, 1,024 மடங்கு! ஒரு முரட்டு வீச்சு ஆயிரம் சாதாரண வீச்சைத் தின்றுவிடும். அழுத்தத்தைப் பத்து சதவீதம் குறைத்தாலோ ஆயுசு ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆடிக்காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, ஆயுசு பறக்கிறது.

இரும்பும் களைத்துப்போகும் என்பதை உலகம் எப்போது கற்றுக்கொண்டது தெரியுமா? 1842 மே 8. வெர்சாயிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிய ரயிலின் என்ஜின் அச்சு முறிந்தது. பெட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறித் தீப்பிடித்தன. பயணிகளின் பாதுகாப்புக்காகக் கதவுகளை வெளியே பூட்டியிருந்தார்கள்! 50க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். தென்துருவக் கடல்வரை கப்பலில் போய் உயிரோடு திரும்பிய துமோன் துர்வில் என்ற மாலுமி, மனைவி மகனோடு அந்த ரயிலில்தான் எரிந்துபோனார். நல்ல அச்சு ஏன் முறிந்தது? தாங்கமுடியாத பாரம் எதுவும் ஏறவில்லை. தாங்கக்கூடிய பாரமே திரும்பத் திரும்ப ஏறியிருந்தது. பிறகு ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர் என்ற ரயில்வே பொறியாளர், அச்சுகளை எந்திரத்தில் மாட்டி முறியும்வரை சுற்றவிட்டு வருடக்கணக்கில் எண்ணிக்கொண்டிருந்தார். எவ்வளவு பாரத்துக்கு எத்தனை சுற்று என்ற பட்டியல் அப்படித்தான் பிறந்தது. 2010இன் கடைசியில் மீட்டர்கேஜை நிறுத்திய போடிக்கு 2023 ஜூனில் மறுபடி ரயில் வந்ததே, அந்தச் சக்கர அச்சுகளுக்குள் ஒலியலை பாய்ச்சி விரிசல் தேடும் சோதனையெல்லாம் வோலர் பெற்ற பிள்ளைகள்தான்.

பேரிங்குக்கு வருவோம். தோட்டத்து மோட்டாரிலிருந்து காத்தாடி வரை சுற்றுகிற எல்லாவற்றின் உயிரும் அங்கேதான். கம்பெனிக்காரர் ‘இந்தப் பேரிங்கின் ஆயுள் 20,000 மணி நேரம்’ என்று எழுதியிருந்தால் அதற்கு அர்த்தம் என்ன? நீங்கள் நினைப்பது இல்லை! அதே மாதிரி 100 பேரிங்கை ஓடவிட்டால் அந்த நேரத்துக்குள் 10 செத்திருக்கும், 90 ஓடிக்கொண்டிருக்கும் என்றுதான் அர்த்தம். பத்தாவது சாவு விழும் நேரத்துக்கு வைத்த பெயர் ஆயுள். உங்கள் கையில் இருப்பது அந்தப் பத்தில் ஒன்றா, தொண்ணூறில் ஒன்றா? பெட்டியில் எழுதியிருக்காது.

இந்தக் கணக்கின் மூலவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஆர்விட் பாம்கிரென். 1924லேயே தொடங்கி, 1947இல் குஸ்தாவ் லுண்ட்பெரியோடு சேர்ந்து சூத்திரமாக்கினார். பந்துப் பேரிங்கின் மேல் பாரத்தை இரட்டிப்பாக்கினால் ஆயுசு எட்டில் ஒன்று. உருளைப் பேரிங் என்றால் பத்தில் ஒன்று. மோட்டாரையும் பம்பையும் கோணலாகப் பொருத்திவிட்டு ‘பேரிங் தரமில்லை’ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் ஒரு நிமிடம் இதை யோசிக்கலாம்.

அந்தக் கணக்குக்குள் நம் பருத்தி இருக்கிறது என்றால் நம்புவீர்களா? எது எப்போது உடையும் என்பதற்கு உலகம் முழுக்கப் பயன்படும் வரைகோட்டைத் தந்தவர் இன்னொரு ஸ்வீடன்காரர், வாலோடி வைபுல். 1951இல் அவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், தன் சூத்திரம் எதற்கெல்லாம் பொருந்தும் என்று உதாரணங்கள் அடுக்குகிறார். எஃகின் வலு, சாம்பல் துகளின் அளவு, பிரிட்டிஷ் தீவுகளில் பிறந்த ஆண்களின் உயரம், பீன்ஸ் விதையின் அகலம்... நடுவில் இந்தியப் பருத்தி இழையின் வலு! ஆண்டிபட்டித் தறியும் நூற்பாலைகளும் இருக்கிற தேனி மாவட்டத்தில் காத்தாடியின் சாவைக் கணிக்கும் கோட்டுக்குப் பஞ்சும் சாட்சி சொல்லியிருக்கிறது. பீன்ஸும்தான்.

சூத்திரம் இருக்கிறதே, பிறகென்ன என்கிறீர்களா? பிரான்ஸில் பெசான்சோன் என்றொரு கடிகார ஊர். அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் பேரிங்குகளைச் சித்திரவதை செய்து பார்த்தார்கள். 4,000 நியூட்டன் பாரம், நிமிடத்துக்கு 1,800 சுற்று, சாகும்வரை ஓட்டம். 2012இல் உலக ஆராய்ச்சியாளர்களுக்கு அந்தப் பதிவுகளைப் போட்டிக் கேள்வியாகக் கொடுத்தார்கள். ஒரே வகை, ஒரே பாரம், ஒரே வேகம். ஒன்று 7 மணி 47 நிமிடம் ஓடியது. அதன் உடன்பிறப்பு 2 மணி 25 நிமிடத்தில் மூச்சை விட்டது. இரட்டைப் பிள்ளைகளுக்கே ஜாதகம் இப்படி!

அதனால்தான் ‘பேரிங் வகைக்கு’ ஆயுள் சொல்வதை விட்டுவிட்டு, ‘இந்தப் பேரிங்குக்கு இன்னும் எவ்வளவு மிச்சம்’ என்று கேட்கத் தொடங்கினார்கள். ஒரு வழி, வங்கிக் கணக்கு மாதிரி. அமெரிக்காவில் டக்ளஸ் விமானக் கம்பெனியின் மைனர் என்பவர் 1945இல் பரவலாக்கியது. விதை பாம்கிரென் போட்டது. சின்ன வீச்சு 10 லட்சம் தடவை அடித்தால் சாவு என்றால், 2.5 லட்சம் அடித்தபோது கால் பங்கு செலவு. பெரிய வீச்சு 1,000 தடவையில் சாவு என்றால், 500 அடித்தபோது அரைப் பங்கு செலவு. ஆக முக்கால் போச்சு, கால் மிச்சம். அவ்வளவுதான்! கச்சாக் கணக்குதான். எந்த அடி முதலில் விழுந்தது என்று அது பார்ப்பதில்லை. கணக்குப்படி தீர்ந்த பிறகும் உயிரோடு நிற்பவை உண்டு, பாதியிலேயே போனவையும் உண்டு. ஆனாலும் இன்றுவரை விட முடியவில்லை.

இதில் ஒரு சிக்கல். காற்று என்ன தாளம் போட்டா வீசுகிறது? பெரிய அலைக்குள் குட்டி அலை, அதற்குள் இன்னொன்று. இதில் எது ஒரு வீச்சு, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? 1968இல் ஜப்பானின் தட்சுவோ எண்டோவும் மட்சுயிஷியும் கண்ட உபாயம் என் மனசுக்கு மிகவும் பிடித்தது. வரைபடத்தைச் செங்குத்தாகத் திருப்பி நிறுத்துங்கள். ஏற்ற இறக்கமெல்லாம் அடுக்கடுக்கான பகோடாக் கூரை மாதிரித் தெரியும். இப்போது மேலிருந்து மழை பெய்வதாக நினையுங்கள். ஒரு தாழ்வாரத்திலிருந்து வழியும் தண்ணீர் அடுத்த தாழ்வாரத்தில் விழுந்து எங்கே நிற்கிறதோ, அதுவரை ஒரு வீச்சு. ஓட்டு வீட்டுத் திண்ணையில் மழை பார்த்த எவருக்கும் இது புரியும். ‘மழையோட்டம்’ என்றே அந்த முறைக்குப் பெயர். காத்தாடிகளின் சேதத்தை எண்ணும் மென்பொருளுக்குள் ஜப்பான் மழை பெய்துகொண்டே இருக்கிறது!

ஓடினால்தானே தேயும், நிறுத்திவைத்தால் ஆயுசு கூடும்? அதுதான் இல்லை! 1930களில் அமெரிக்காவில் புத்தம்புதுக் கார்களை ரயிலில் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார்கள். இறக்கிப் பார்த்தால் ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத கார்களின் சக்கரப் பேரிங்கில் வரிசையாகப் பள்ளங்கள். வழியெல்லாம் ரயில் குலுங்கியபோது, சுற்றாத பேரிங்கில் பந்துகள் ஒரே இடத்தில் நின்று நடுங்கியிருக்கின்றன. எண்ணெய்ப் படலம் விலகி, உலோகம் உலோகத்தை அரித்துவிட்டது. கம்பம் பள்ளத்தாக்கில் காற்று மந்தமான மாதங்களில் இறக்கைகள் சும்மா நின்று லேசாக ஆடிக்கொண்டிருக்குமே, அந்த ‘சும்மா’வுக்கும் இதே ஆபத்து உண்டு. அதனால் காற்றில்லாத நாளிலும் தண்டைப் பூட்டிப் போடாமல் மெல்லச் சுழலவிடுவார்கள்.

இதைவிட மர்மமான சாவும் உண்டு. காற்றாலை கியர்பாக்ஸ் பேரிங் சில, கணக்கிட்ட ஆயுளில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடாமல் பிளந்துவிடும். வெட்டி, மெருகேற்றி, அமிலம் தடவி நுண்ணோக்கியில் பார்த்தால் விரிசலின் ஓரமெல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்கும். ஹைட்ரஜன் புகுந்ததா, கசிந்த மின்சாரமா, உருளைகள் வழுக்கியதா? நிபுணர்கள் இன்னும் ஒருவரை ஒருவர் மறுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, சாவு வருவதை முன்கூட்டிக் கேட்க முடியுமா? முடியும், கேட்கத்தான் முடியும்! மோட்டார் மெக்கானிக் ஸ்குரூ டிரைவரின் முனையைப் பேரிங் மேல் வைத்து, பிடியைக் காதில் அழுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். ‘கத்துதுண்ணே, இந்தப் போகம் தாங்காது’ என்பார். இன்றைய அதிர்வு உணரிகள் அத்தனைக்கும் அந்த ஸ்குரூ டிரைவர்தான் பாட்டன். அவர் காதுக்குள் நடப்பதை எண்ணில் சொல்கிறேன். மோட்டார் விநாடிக்கு 24 சுற்று, பேரிங்கில் 8 பந்து என்றால், வெளிவளையத்தில் ஒரு கீறல் விழுந்ததும் விநாடிக்குச் சுமார் 77 தட்டு கேட்கும். உள்வளையத்தில் கீறல் என்றால் சுமார் 115. எங்கே அடிபட்டிருக்கிறது என்பதைத் தட்டின் எண்ணிக்கையே காட்டிக்கொடுத்துவிடும்! திறந்து பார்க்கவே வேண்டாம். கலந்து கிடக்கும் ஓசையைத் தனித்தனி சுருதியாகப் பிரிக்கும் வேகக்கணக்கை 1965இல் கூலியும் டியூக்கியும் கணினிக்குக் கற்றுத்தந்தார்கள். கோம்பைக்குப் பக்கத்துப் பண்ணைப்புரம் இளையராஜா பிறந்த ஊர். கூட்டு ஓசைக்குள் ஒற்றை வாத்தியத்தைப் பிடிக்கும் காது இந்தப் பக்கத்துக்குப் புதுசா என்ன!

காது போதாதென்றால் ரத்தப் பரிசோதனை. கியர்பாக்ஸ் எண்ணெயில் ஒரு சிறு குப்பி எடுத்து, அதில் மிதக்கும் இரும்புத்தூளை நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். தட்டையான செதில் என்றால் வழக்கமான தேய்மானம். கடைசல் சீவல் போலச் சுருண்டிருந்தால் எதுவோ எதையோ அறுக்கிறது. உருண்டை உருண்டையாக நுண்மணிகள் தென்பட்டால் பேரிங்குக்குள் விரிசல் வளர்வதாகச் சந்தேகிப்பார்கள்.

அணையப்போகிற விளக்கு பிரகாசமாக எரியும் என்பார்களே, பேரிங்கும் அப்படித்தான் என்றால்? வளையத்தில் உலோகம் உரிந்த குழியின் விளிம்பு முதலில் கூர்மையாக இருக்கும், தட்டு பலமாக விழும். பந்துகள் ஏறி ஏறி இறங்கி அந்த விளிம்பை மழுக்கிவிட்டதும் அதிர்வு குறையும்! ‘சரியாப் போச்சு’ என்று தோன்றும். ஆராய்ச்சியாளர்களே இதற்கு ‘புண் ஆறுதல்’ என்ற பொருளில்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். பிறகு குழி பெரிசாகி, ஒரேயடியாகப் போகும்.

வயதானால் கழற்றி மாட்டிவிடலாமே என்ற பழைய புத்தியை உடைத்தவர்கள் விமானக்காரர்கள். 1978இல் யுனைடெட் ஏர்லைன்ஸின் நௌலன், ஹீப் இருவரும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். விமான உறுப்புகளில் வெறும் 11 சதவீதம்தான் வயதாக ஆகத் தேய்ந்து கெடுகின்றன! மீதி 89க்கு வயசு பார்த்து மாற்றுவதால் பலனே இல்லை. 68 சதவீதம் உறுப்புகளுக்குக் கண்டம் மாட்டிய புதிதில்தான். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானங்களை ஆராய்ந்த வாடிங்டன் என்ற உயிரியல் அறிஞர் இதைவிட வேடிக்கையைப் பார்த்தார். ஒவ்வொரு 50 மணி நேரப் பராமரிப்பும் முடிந்த உடனே பழுது எகிறுகிறது! நன்றாக ஓடுவதைப் பிரித்துப் பார்த்ததுதான் பழுதுக்குக் காரணம். காயில் கட்டி வந்த மறுவாரமே மோட்டார் படுத்துவிட்டது என்று புலம்பும் விவசாயிக்கு விமானப்படையே துணை இருக்கிறது.

ஆனால் சில இடத்தில் கெடு வைக்காமல் முடியாது. 400 டிகிரிக்கு மேல் வேலைசெய்யும் பாய்லர் 1,00,000 மணி நேரம் ஓடியதும், மிச்ச ஆயுள் எவ்வளவு என்று சோதித்தே ஆகவேண்டும் என்பது இந்திய பாய்லர் விதி. வெட்டாமல் எப்படிச் சோதிப்பது? குழாயின் மேல் ஒரு சிறு இடத்தைக் கண்ணாடிபோல் தேய்த்து, அமிலம் தடவி, ஈரமான பிளாஸ்டிக் படலத்தை ஒட்டி உரித்து எடுப்பார்கள். கைரேகை எடுப்பது மாதிரி! அந்தப் படலத்தை நுண்ணோக்கியில் வைத்தால் எஃகின் மணிகளுக்கு நடுவே ஊசிமுனை ஓட்டைகள் தெரியும். தனித்தனியாக இருந்தால் பயமில்லை. கோலப்புள்ளி போல வரிசை கட்டியிருந்தால் நாள் எண்ணத் தொடங்கலாம்.

கணிப்பவருக்கும் பரீட்சை உண்டு. 2008இல் நாசா விமான என்ஜின்களின் சாவை உருவகித்த பதிவுகளைப் போட்டியாக வெளியிட்டது. மதிப்பெண் முறையில் ஒரு நுட்பம் வைத்தார்கள். ‘இன்னும் 10 பயணம் தாங்கும்’ என்று சொல்லி 20 தாங்கினால் கொஞ்சம் அபராதம். ‘20 தாங்கும்’ என்று சொல்லி 10லேயே போனால் கூடுதல் அபராதம். சீக்கிரம் சாகும் என்று பயமுறுத்தியவரை மன்னிக்கலாம், இன்னும் இருக்கும் என்று தைரியம் சொன்னவரை மன்னிக்கக்கூடாது! ஜோசியர்களுக்கு இந்த விதி இருந்திருந்தால் நாட்டில் பாதிப் பேர் தொழில் மாற்றியிருப்பார்கள்.

கோம்பையைப் பற்றிப் பேசிவிட்டு அதன் நாயைப் பேசாமல் போகலாமா? செம்பழுப்பு உடம்பு, கறுத்த மூஞ்சி. இந்த ஊர்ப் பெயரைத் தூக்கித் திரிகிற காவல்நாய். பேரிங்கின் முதல் முனகல் மனிதக் காதுக்கு எட்டாத சுருதியில்தான் வரும். நமக்கு விநாடிக்கு 20,000 அதிர்வோடு கதவு சாத்திவிடும். கிரீஸ் வற்றிய பேரிங்கை மோப்பம் பிடிக்கும் மீயொலிக் கருவிகள் 40,000 பக்கம் காது வைத்திருக்கின்றன. நாய்க்கு 40,000ஐத் தாண்டியும் கேட்கும்! ஆகவே, மோட்டார் ரூம் நிழலில் படுத்துக் கிடந்த உங்கள் நாய் நாலு நாளாக வேலியோரம் போய்ப் படுக்கிறது என்றால், அதைத் திட்டுவதற்கு முன்னால் பேரிங்குக்குக் கொஞ்சம் கிரீஸ் வைத்துப் பாருங்களேன்.